கண்ணுக்குள் ஒரு ரசமட்டம்! - விழித்திரை ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு கொத்தனாரின் ஆறு மாதங்கள்

மேலூர் பக்கத்தில் 'கண்ணாடிக் கொத்தனார்' என்று கேட்டால்தான் அவரை அடையாளம் காட்டுவார்கள். வயது 54. பள்ளிக்கூட நாளிலிருந்தே மைனஸ் ஏழு பவரில் தடித்த கண்ணாடி. ஆனால், சுவர் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் தூரத்தில் நின்றே சொல்லிவிடுவார்.

அந்தத் திங்கட்கிழமை, இடது கண்ணின் ஓரத்தில் பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. "சிமென்ட் தூசு விழுந்திருச்சுன்னு நெனச்சேன். தண்ணி அடிச்சுக் கழுவிட்டு வேலையப் பாத்தேன்" என்கிறார். மறுநாள் கொசுக்கூட்டம் மாதிரி கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்து வாங்கிக்கொண்டார். வியாழக்கிழமை, பார்வையின் கீழ்ப்பக்கத்தில் ஒரு நிழல் தெரிந்தது. கிணற்றில் தண்ணீர் ஊறி ஏறுவதுபோல, அது மெல்ல மேலே ஏறியது.

வெள்ளிக்கிழமை ஒரு வீட்டுக்குக் கூரை கான்கிரீட். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, ஆட்களுக்கும் சொல்லியாகிவிட்டது. "நான் இல்லாம எப்படிப் போடுறது? வலியும் இல்லியே..." என்று நினைத்தவர், கூரையைப் போட்டு முடித்தார்.

ஞாயிறு காலை, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார். தலைமுடி தெரிந்தது. முகம் இல்லை.

"பூச்சு விட்டுப்போச்சு!"

திங்களன்று மதுரையில் ஒரு கண் மருத்துவமனை. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பரிசோதித்த பெண் மருத்துவர், "என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார். சொன்னதும், அவருக்குப் புரிகிற மொழியிலேயே விளக்கினார்.

"சுவர்ல ஒரு விரிசல் விழுந்து, அது வழியா தண்ணி இறங்கினா பூச்சு விட்டுப்போகுதில்ல? அதே கதைதான். உங்க விழித்திரையில ஒரு கிழிசல். அது வழியா கண்ணுக்குள்ள இருக்கிற திரவம் பின்னால போய், விழித்திரையை விலக்கிடுச்சு."

பார்வை செல்களுக்கு வேண்டிய ஆக்ஸிஜனும் ஊட்டமும் விழித்திரைக்குப் பின்னால் உள்ள ரத்தக்குழாய்ப் படலத்திலிருந்துதான் வருகின்றன. அதிலிருந்து விலகிவிட்டால், அந்த செல்கள் பட்டினிதான். எழுத்துகளைப் படிக்க, முகங்களை அடையாளம் காண உதவுவது நடுவில் இருக்கும் 'மாக்குலா' என்ற சிறு பகுதி. அது விலகுவதற்கு முன்பே ஆபரேஷன் நடந்தால், நல்ல பார்வையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். அதுவும் விலகிவிட்டால், ஒவ்வொரு நாளும் கணக்குதான்.

"நடுப்பார்வை எப்போ போச்சு?" என்று கேட்டார் மருத்துவர். "நேத்து" என்றார் கொத்தனார். அதற்கு மேல் மருத்துவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால், வெள்ளிக்கிழமையே வந்திருக்கலாம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

100 ஆண்டுகளுக்கு முன்பு வரை, விழித்திரை விலகினால் பார்வை போனது போனதுதான். சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மருத்துவர் ஜூல்ஸ் கோனின்தான், கிழிசலைக் கண்டுபிடித்து அடைத்தால் குணமாகும் என்று காட்டியவர். 1970-களின் தொடக்கத்தில் ராபர்ட் மாக்கமர் உருவாக்கிய 'விட்ரெக்டமி' முறைதான் கொத்தனாருக்கும் செய்யப்பட்டது. கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை அகற்றி, விழித்திரையைப் படிய வைத்து, கிழிசலைச் சுற்றி லேசர் போட்டு, உள்ளே ஒரு வாயுக் குமிழியை நிரப்பினார்கள். லேசர் போட்ட இடம் தழும்பாக இறுகும்வரை, அந்தக் குமிழிதான் உள்ளிருந்து முட்டுக்கொடுக்கும்.

தரையைப் பார்த்த ஏழு நாள்கள்

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். கை அசைவது மட்டும் மங்கலாகத் தெரிந்தது. "ஆபரேஷன் தோத்துப்போச்சா டாக்டரம்மா?" என்று கேட்டவருக்குக் குரல் உடைந்தது.

"விழித்திரை ஒட்டிடுச்சு. வாயு இருக்கிறவரைக்கும் இப்படித்தான் தெரியும். ஒட்டினது வேற, பார்வை வர்றது வேற. பூசின உடனே சுவர் இறுகிடுதா? தண்ணி ஊத்தி நாள் பொறுக்குறீங்கல்ல... அதுமாதிரிதான்."

ஏழு நாள்கள் குனிந்தே இருக்க வேண்டும். தூக்கமும் குப்புறப் படுத்துத்தான். சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்து, குனிந்தபடியே சாப்பிட்டார். "ஏங்க, நிமிராதீங்க" என்பதையே மனைவி நாளுக்கு நூறு முறை சொன்னார். பேரன் மட்டும் கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, தாத்தாவிடம் முகம் பார்த்துப் பேசினான்.

குமிழி கரையும்வரை விமானப் பயணம் கூடாது. கொடைக்கானல் மாதிரி உயரமான இடங்களுக்கும் போகக் கூடாது. உயரம் போகப் போக வாயு விரிந்து, கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடும். வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால், கண்ணில் வாயு இருப்பதை முதலில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வாரம், பார்வையின் மேல் ஓரத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே கொஞ்சம் வெளிச்சம். கீழே தண்ணீருக்குள் பார்ப்பதுபோல ஒரே கலங்கல். தலையைச் சாய்த்துப் பார்த்தார். கோடு சாயவில்லை!

"ஏய், இங்க பாரு... கண்ணுக்குள்ள ரசமட்டம் வெச்சிருக்காங்க!" என்று மனைவியைக் கூப்பிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

குமிழி கண்ணின் மேல்பக்கம்தான் மிதக்கும். விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுவதால், அது கீழே இருப்பதுபோலத் தெரியும். குமிழி சுருங்கச் சுருங்கக் கோடு இறங்கியது. எட்டாவது வாரம் ஒரு மிளகு அளவுக்கு ஆடிக்கொண்டிருந்தது, ஒரு நாள் காலையில் காணவில்லை.

நூல் பொய் சொல்லாது

ஆபரேஷனுக்கு முன்பு, அருகில் காட்டிய விரல்களை எண்ண மட்டுமே முடிந்தது. குமிழி கரைந்தபோது பார்வை 6/60. ஆறு மாதத்தில் 6/18. அதாவது, மற்றவர்கள் 18 மீட்டரில் படிப்பதை இவர் 6 மீட்டரில் நின்று படிக்க வேண்டும். ஒரு வருடம் வரைகூட கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு கண்புரை சீக்கிரம் வருவது சகஜம் என்பதால், அதற்கும் தயாராக இருக்கிறார்.

ஆனால், அட்டையில் இருக்கும் எழுத்துகள் மட்டுமே பார்வை இல்லையே! நாலாவது மாதம் வேலை நடக்கும் இடத்துக்குப் போனவர், வலது கண்ணைப் பொத்திக்கொண்டு தூக்குக்குண்டு நூலைப் பார்த்தார். நேராகத் தொங்க வேண்டிய நூல், நடுவில் வளைந்து தெரிந்தது. செங்கல்லும் ஒரு சுற்றுச் சின்னதாக இருந்தது. மாக்குலா விலகி ஒட்டியவர்களில் பலருக்கு இப்படி இருக்கும். நாளாக ஆகக் குறையலாம், முழுதாக மறையாமலும் போகலாம்.

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. "முப்பது வருஷமா அந்த நூலத்தான் நம்பியிருக்கேன். நூல் பொய் சொல்லாது. என் கண்ணுதான் சொல்லுது" என்றார் மனைவியிடம்.

இப்போது சாரத்தில் ஏறுவதில்லை. இரண்டு கண்ணும் ஒத்துப்போகாததால், தூரம் ஆழம் பிடிபடுவதில்லை. மேல் வேலையெல்லாம் தங்கை மகன் பார்த்துக்கொள்கிறான். தரை வேலையும் மேற்பார்வையும் இவருக்கு. சம்பளம் குறைந்திருக்கிறது. வலது கண்ணில் பலவீனமாக இருந்த இடத்துக்கு முன்கூட்டியே லேசர் போட்டாகிவிட்டது. தினமும் காலையில், ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்த்த பிறகுதான் காபி.

கிட்டப்பார்வைக்குத் தடித்த கண்ணாடி போடுபவர்கள், கண்புரை ஆபரேஷன் ஆனவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இந்தப் பிரச்னை இருந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். திடீரென மின்னல் வெட்டு, புதிதாகப் புள்ளிகள், திரை போல நிழல்... இவற்றில் எது வந்தாலும், வலி இல்லையே என்று இருந்துவிடாமல் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

போன மாதம் வேலைக்கு நடுவே, கண்ணாடி போட்ட ஒரு கையாள் பையன் கண்ணைக் கசக்கினான். "என்னமோ பூச்சி பறக்குற மாதிரி இருக்குண்ணே... சாயங்காலம் பாத்துக்கலாம்" என்றான். மறுநாள் கான்கிரீட். கொத்தனார் அவன் கையிலிருந்த சட்டியை வாங்கிக் கீழே வைத்தார். "கான்கிரீட்ட இன்னொரு நாள் போட்டுக்கலாம். நீ கெளம்புடா" என்று பஸ் ஏற்றிவிட்டார்.

சாயங்காலம் போன் வந்தது. விழித்திரையில் கிழிசல் எதுவும் இல்லையாம். "ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கண்ணே. ஒரு நாள் சம்பளம்தான் போச்சு" என்று பையன் அலுத்துக்கொண்டான்.

"போகட்டும்டா. ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சுக்கிறதுக்கும்தான் போகணும்" என்றார் கண்ணாடிக் கொத்தனார்.