பாலைப் பலகை

ஐப்பசி மழை ஓய்ந்த இரவுகளில் குழித்துறை ஆற்றோரம் நடப்பவருக்கு, மரம் கண்ணில் படுமுன்னரே மணம் மூக்கில் ஏறிவிடும். ஏழிலைப் பாலை பூத்துவிட்டது! (பாலை என்னும் பெயர் தமிழில் பல மரங்களுக்கு உண்டு. நாம் குறிப்பது, ஒரு கணுவைச் சுற்றி ஏழெட்டு இலைகள் குடைபோல் விரியும் மரத்தை.) பகலில் அதன் நிழலில் மாடு கட்டுவோரும் இருட்டிய பின் அப்பக்கம் போகமாட்டார்கள். யட்சி அதில் குடியிருக்கிறாள் என்பது திருவிதாங்கூர்ச் சீமையின் பழைய நம்பிக்கை. 1956இல் இவ்வட்டாரம் தமிழகத்தோடு இணைந்தது. யட்சி மட்டும் இடம்பெயரவில்லை. வழிப்போக்கனிடம் அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாளாம். கொடுத்தவனுடைய நகமும் முடியுமே மறுநாள் மிஞ்சுமாம்!

இம்மரத்துக்கு 1767இல் லின்னேயசு என்னும் தாவர அறிஞர் சூட்டிய 'ஸ்காலாரிஸ்' என்ற இலத்தீன் பெயருக்கோ, பள்ளிக்குரியது என்று பொருள். இலேசான வெண்கட்டை; இழைத்தால் சிறுவர் எழுதும் பலகையாகும். ஓதப்பள்ளியில் நாம் அலிபு எழுதியதும் பாலைப் பலகையில்தான். வெண்களிமண் பூசி உலர்த்தி, மூங்கில் எழுதுகோலை மையில் தோய்த்து எழுதுவோம். பாடம் மனத்தில் ஏறியபின் கழுவிவிடுவோம். அத்தனை பிள்ளைகள் அம்மரத்தை மடியில் வைத்திருந்தோம். எவரையும் யட்சி பிடித்ததில்லை. பிடித்ததெல்லாம் உஸ்தாதின் பிரம்புதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். மகளுக்குப் பத்து நாளாகக் காய்ச்சல். வீட்டருகே பாலை நின்றது. மந்திரவாதி ஒருவன் அம்மரத்தில் ஏழு ஆணி அறைந்து, அதன் கொம்பிலேயே கோல் செதுக்கி அப்பெண்ணை அடிக்கப்போவதாகக் கூறி முன்பணமும் வாங்கியிருந்தான்.

"உஸ்தாதே, அந்தக் கம்புக்கு எறங்கிருமா?" என்று கேட்டார்.

மூஸா நபி (அலை) அவர்களின் கைத்தடியைத் திருமறை பேசுகிறது. அது எம்மரம் என்று சொல்லவில்லை. சுவனத்து 'ஆஸ்' மரம் என்று விரிவுரைகளில் ஒரு செய்தி உண்டு. ஆயினும் அவர்கள் தம் வாயால் கூறியதோ, அதில் ஊன்றிக்கொள்வதையும் ஆடுகளுக்குத் தழை உதிர்ப்பதையுமே. ஸுலைமான் நபி (அலை) அவர்களின் கோலைக் கறையான் அரித்துத் தின்றது. அவர்கள் சாயும்வரை ஜின்களும் அவர்களின் மரணத்தை அறியவில்லை. இவற்றையெல்லாம் அந்தத் தாயிடம் விரித்துரைக்க அது நேரமன்று. "அடித்தால் பிள்ளை தாங்கமாட்டாள் அம்மா, வண்டி பிடியுங்கள்" என்றோம். மருத்துவமனையில் இரத்தம் சோதித்து டைபாய்டு என்றார்கள். காய்ச்சல் தந்ததாகப் பழி சுமந்த இம்மரத்தின் பட்டையைத்தான் பண்டைய வைத்தியர்கள் முறைக்காய்ச்சலுக்குக் கஷாயமிட்டார்கள் என்பதை எங்கே போய்ச் சொல்ல!

பிள்ளை தேறினாள், முன்பணம் தேறவில்லை. மரத்தில் அவன் முன்னரே அறைந்திருந்த இரண்டு ஆணிகளை நாமே குறட்டால் பிடுங்கினோம். வெள்ளையாய்ப் பால் வடிந்தது; இரண்டு நாளில் காய்ந்துவிட்டது.