ஹன்டிங்டன் நோய்: ஒரு மரபணுவைத் தேடிய வரலாறு

அன்பு மகள் கயல்விழிக்கு,

உடலசைவைக் குலைக்கும் நரம்பு நோய்கள் பலவற்றில் பரம்பரை என்பது பல காரணங்களுள் ஒன்றாக மட்டுமே நிற்க, ஒற்றை மரபணுவில் நேரும் பிழையே முழுக் காரணமாகிவிடுவதை ஐயமறக் காட்டுவது ஹன்டிங்டன் நோய். பெரும்பாலும் முப்பது வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடையில் தலைகாட்டும் இந்நோயில், கை, கால், முகம் ஆகியவை நோயாளியின் விருப்பத்துக்கு அடங்காமல் நெளிந்து துடிக்க, சிந்தனையும் மனநிலையும் சிறுகச் சிறுகச் சிதைகின்றன.

நீ வசிக்கும் நியூயார்க்குக்குக் கிழக்கே நீண்டு கிடக்கும் லாங் ஐலண்ட் தீவின் ஈஸ்ட் ஹாம்ப்டனில் ஹன்டிங்டன் குடும்பத்தார் தலைமுறையாக மருத்துவம் பார்த்துவந்தனர். அக்குடும்பத்துச் சிறுவன் ஜார்ஜ், தந்தையுடன் வண்டியில் சென்றபோது, காட்டுப் பாதையில் எதிர்ப்பட்ட தாயும் மகளும் உயரமாய், எலும்பும் தோலுமாய், ஒன்றுபோலவே வளைந்து நெளிந்து முகம் கோணுவதைக் கண்டு திகைத்தான். அவரே 1872இல், 22 வயதில், தாத்தாவும் தந்தையும் எழுதிவைத்த குறிப்புகளின் துணையுடன், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரக்கூடிய இந்நோய், ஒருவரைத் தொடாமல் விட்டால் அவருடைய வழித்தோன்றல்களை மீண்டும் தீண்டுவதில்லை என்று எழுதினார். மெண்டலின் மரபு விதிகளை அறிவியல் உலகம் கண்டுகொள்வதற்கு 28 ஆண்டுகள் முன்பே இவ்வாறு எழுத முடிந்ததற்குத் தனியொருவரின் மேதைமையைவிட, ஒரே ஊரின் குடும்பங்களை மூன்று தலைமுறை விடாமல் கவனித்த பொறுமையே காரணம் எனல் தகும்.

அதே பொறுமை வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரையிலும் தேவைப்பட்டது. அங்கு இந்நோய் மிகுந்திருப்பதை 1950களில் மருத்துவர் அமெரிக்கோ நெக்ரெத்தே கண்டறிந்தார். இந்நோய்க்குத் தாயை 1978இல் பறிகொடுத்த அமெரிக்க உளவியலாளர் நான்சி வெக்ஸ்லர், ஆண்டுதோறும் அங்கு சென்று வம்சாவளிகளைத் தொகுத்து, தம் கையில் தோல் மாதிரி எடுத்த தழும்பைக் காட்டி, தமக்கும் இதே ஆபத்து உண்டென்று விளக்கி, மக்களின் நம்பிக்கையோடு இரத்த மாதிரிகளைப் பெற்றார். அம்மாதிரிகளே 1983இல் ஜேம்ஸ் கூசெல்லாவின் குழு நோயின் இருப்பிடத்தை நான்காம் குரோமோசோமில் குறிக்கவும், 1993இல் மரபணுவையே கண்டறியவும் பெரிதும் உதவின. உலகுக்கு இத்தனை பெரிய அறிவை ஈந்த அம்மக்கள் வறுமையிலேயே வாழ நேர்ந்தது அறிவியல் இன்னும் தீர்க்காத கடன்.

அம்மரபணுவில் சி, ஏ, ஜி என்ற மூன்று வேதியெழுத்துகளின் தொடர் 26 முறை வரை அடுத்தடுத்து வருவது இயல்பு. 36 முதல் 39 வரை வந்தால் நோய் வரலாம், வராமலும் போகலாம். 40ஐ எட்டினால், இயல்பான ஆயுள் வாழ்பவருக்கு நோய் தப்பாது. ஒவ்வொரு முறையும் குளூட்டமைன் என்ற அமினோ அமிலம் ஒன்று கூடுவதால் மிதமிஞ்சி நீளும் ஹன்டிங்டின் புரதம், மூளையின் ஆழத்தில் அசைவுகளை நெறிப்படுத்தும் நரம்பணுக்களை முதலில் அழிக்கிறது. இத்தொடர், குறிப்பாகத் தந்தைவழி இறங்கும்போது, மேலும் நீள்வதுண்டு என்பதால், பிள்ளைக்கு நோய் இளமையிலேயே தொடங்கவும் கூடும்.

டெட்ராபெனசின் போன்ற மருந்துகள் அசைவுகளைத் தணிக்கின்றனவேயன்றி நோயைத் தடுத்து நிறுத்துவதில்லை. இதனால்தான், பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்து, தமக்கும் அது வரச் சரிபாதி வாய்ப்புள்ளவர்களில் பெரும்பாலோர், எளிய இரத்தப் பரிசோதனை இருந்தும் அதைச் செய்துகொள்வதில்லை. அவர்களின் அந்த முடிவை மருத்துவர்களும் உறவினரும் மதித்தே ஆக வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா