எந்தப் படம் எங்கே போகலாம்?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு வருகிறவர்கள் ஏரியையும் லேடீஸ் சீட்டையும் படமெடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். நான் உடன் சென்ற புகைப்படக்கார நண்பர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மலைக்குப் பிழைக்க வந்த குடும்பங்களைப் பல வருடங்களாகப் படமெடுத்து வருபவர் அவர்.

காப்பிப் பழம் பறிக்கும் பருவம். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மூடுபனி இறங்கியிருந்தது. ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு பெண், இடுப்பில் கட்டிய பையில் சிவந்த பழங்களை மட்டும் பார்த்துப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். பனியின் வெண்மையைக் கேமரா அதிக வெளிச்சம் என்று எடுத்துக்கொள்ளும். படத்தில் முகம் இருண்டுவிடும். நண்பர் எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டினார். "பனி வெளுத்தா பரவாயில்ல, முகம் தெரியணும்" என்றார்.

இந்த மலையில் குடியேற்றம் புதிதல்ல. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். பிறகு தோட்டங்கள் பெருகின, வேலைக்கு ஆட்களும் வந்தார்கள். அதற்கெல்லாம் முன்பே இங்கு வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினரும் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத்தான் சொல்கிறார்கள். அண்ணன் தம்பி மூவரில் மூத்தவர் ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையில் தங்க, மற்றவர்கள் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனார்களாம்.

இந்தப் பழங்குடியினரைப் பற்றி, சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் எழுதியிருக்கிறார். ரங்காச்சாரியுடன் சேர்ந்து 1909இல் அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் படங்களும் உண்டு. மூக்கையும் மண்டையையும் அளந்து மனிதரை வகைபிரித்த காலம் அது. படத்தின் கீழே சாதிப் பெயர் இருக்கும். நிற்பவரின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

நண்பரின் வழி வேறு. அவருக்கு முன்னோடி மதுரைப் புகைப்படக்காரர் எம். பழனிகுமார். 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். மீன் விற்ற தன் தாயையே படமெடுத்தவர். வீட்டிலிருந்து தொடங்கும் பார்வை அது.

மாலையில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் போனோம். காலையில் பார்த்த அதே பெண், பூப்போட்ட புதுப் புடவையில் கணவரோடு வாசலில் தயாராக நின்றார். கணவர் தலையை அழுந்த வாரியிருந்தார். பின்னால் கொடியில் கிடந்த ஈரத்துணியை எடுத்து உள்ளே போட்டுவிட்டு வந்த பிறகே படம் எடுக்க விட்டார்கள். இது நடிப்பு, காலையில் எடுத்ததே உண்மை என்று சொல்லத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தான் எப்படித் தெரிய வேண்டும் என்று ஒருவர் நினைப்பதும் அவர் வாழ்க்கையில் சேர்த்திதானே?

பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்ற மகள்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். நண்பர் இரண்டு படங்களையும் திரையில் காட்டி, எதை எங்கே பயன்படுத்தலாம் என்று கேட்டார்.

"புதுப் புடவைப் படத்த ஊருக்கு அனுப்பணுமாம், அண்ணா. வேலை செய்யறத நீங்க கண்காட்சியில வெச்சுக்கலாமாம். பாட்டிக்கு மட்டும் அது போகக் கூடாதாம்."

நண்பர் பெயர்களோடு அந்த நிபந்தனையையும் குறிப்பேட்டில் எழுதி, மகளிடம் வாசித்துக் காட்டினார்.