விளக்கறை சிஸ்டருக்கு



என் மகளின் நெற்றியில் இருந்த வெண்புள்ளி முழுக்க நிறம் திரும்பிவிட்டது. அதற்கான நன்றியை உங்களுக்கு எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மடலை எழுதுகிறேன். எங்கள் திருவெள்ளறையில் வெளிச்சத்துக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. அதை அளந்து கொடுக்கத்தான் கை வேண்டியிருந்தது.

கார்போக அரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நிற்கச் சொல்லும் பெரியவர்கள் எங்கள் பக்கம் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்த விதையிலுள்ள சோராலென் வெயிலின் வேகத்தைத் தோலில் பல மடங்காக்கும். நைல் கரையில் விளையும் ஒரு செடியிலும் இதே வகைப் பொருள் இருக்கிறது. 1940களில் கெய்ரோ மருத்துவர் எல் மொஃப்தி அதைக் கொண்டு வெண்புள்ளிக்கு முறையாகச் சிகிச்சை செய்து பார்த்தார். ஆனால் காலை வெயில் வேறு, உச்சிவெயில் வேறு. சித்திரை வேறு, மார்கழி வேறு. உத்தராயணத்துக்கு ஒரு வாசல், தட்சிணாயனத்துக்கு ஒரு வாசல் என்று மாற்றித் திறக்கும் புண்டரீகாட்சப் பெருமாளின் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அளவு பிசகினால் தோல் கொப்பளிக்கும். கொப்பளித்த இடத்தில் புதிதாக வெள்ளை விழவும் கூடும்.

உங்கள் விளக்கறையிலுள்ள ஒளிச் சிகிச்சைப் பெட்டியின் குழல்விளக்குகள் 311 நானோமீட்டரை ஒட்டிய புறஊதாக் கதிரைத் தருகின்றன. கூடவே சோராலென் மாத்திரை விழுங்க வேண்டாம். அதனால் குழந்தைகளுக்கும் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னார். 1997இல் நெதர்லாந்தில் வெஸ்டர்ஹாஃப் என்ற ஆய்வாளரும் அவருடன் ஆய்வு செய்தவரும் இந்தக் கதிர் வெண்புள்ளிக்குப் பலன் தருவதைக் காட்டினார்கள். தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக மருத்துவர் ஃபின்சென் 1903இலேயே நோபல் பரிசு வாங்கியிருக்கிறார். அவர்களுக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் அவர்கள் கண்டுபிடித்தது என் மகளின் தோலுக்கு வந்து சேர்ந்தது உங்கள் கை வழியாக.

ஒவ்வொரு முறையும் அதே கேள்வி: "போன தடவை சிவந்துச்சா? எவ்வளவு நேரம் இருந்துச்சு?" ஒரு நாளைக்குள் அடங்கிய இளஞ்சிவப்பு என்றால் சரி, அதற்கு மேல் நின்றால் அளவை ஏற்றமாட்டீர்கள். அட்டையில் எழுதிவிட்டுத்தான் விசையைத் தொடுவீர்கள். ஊர்த் திருவிழாவும் காய்ச்சலுமாக இரண்டு வாரம் விட்டுப்போனபோது, "விட்ட இடத்துலேர்ந்து தொடங்கினா புண்ணாயிரும்மா" என்று கால்பங்கு குறைத்தீர்கள். மூடிய பெட்டிக்குள் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்க அவள் பயந்த நாட்களில், வெளியே நின்று அவளோடு சேர்ந்து சத்தமாக எண்ணினீர்கள். இதெல்லாம் எந்த மருந்துச் சீட்டிலும் எழுதப்படுவதில்லை.

ஆறு மாதம் பொறுத்துத்தான் பலனைத் தீர்மானிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் நம்பிக்கை தளர்ந்திருந்த நேரத்தில் நீங்கள்தான் முதலில் பார்த்துச் சொன்னீர்கள்: வெள்ளைக்கு நடுவே, முடி வேரைச் சுற்றிக் கடுகளவு பழுப்புப் பொட்டுகள். நிறம் தரும் செல்களின் கையிருப்பு முடி வேரில்தான் தங்கியிருக்கிறது, அங்கிருந்துதான் பரவும் என்று விளக்கினீர்கள். அதே காரணத்தால் முடி இல்லாத விரல் நுனிகளில் நிறம் திரும்பாமலும் போகலாம் என்பதையும் மறைக்கவில்லை. அவள் விரல் நுனிகள் இன்னும் வெள்ளையாகவே இருக்கின்றன. முதலிலேயே சொல்லிவைத்ததால் அவள் அதற்காக அழவில்லை.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வரவேண்டிய சிகிச்சை இது. துறையூர் வண்டி பிடித்துத் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி வந்துபோவதற்குள் பாதி நாள் போய்விடும். கூலிக்குப் போகிறவர்கள் பாதியிலேயே நின்றுவிடுவதை உங்கள் அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தாலுகா மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு பெட்டி வரவேண்டும் என்று அதிகாரிகளையும் கேட்டுக்கொள்கிறேன். பெட்டியை வாங்கிவிட்டு, அதை இயக்கப் போகிறவர்களை ஒரு மாதம் உங்களிடம் அனுப்பி வைக்கட்டும்.


திருவெள்ளறையிலிருந்து ஒரு தாய்