கல்லைச் சுரண்டப் போறீங்களா பாஸ்?

லீவுக்கு நேபாளம் போய் பழைய கோயில்களைக் காப்பாத்தணும்னு ஆசையா? நம்மாளுக்கு விசா வேண்டாம். ஃப்ளைட்டுக்கு வோட்டர் ஐ.டி.யே போதும். ஆனா பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க.

பக்தபூரில் ரெண்டு வாரம் தன்னார்வலரா இருந்தேன். படிக்கிறது சிவில். கிடைச்ச வேலை, பழைய செங்கல்லில் ஒட்டின மண்ணைச் சுரண்டுறது! மண் சாந்துங்கறதால கல் முழுசா பிரியுது, மறுபடி உதவுது. சிமென்ட்னா கல்லும் சேர்ந்து உடையும். 1702-ல் கட்டின ஐந்தடுக்கு ந்யாதபோலா கோயில் 1934, 2015 ரெண்டு பூகம்பத்தையும் தாங்கி நிற்குது. 2015-ல் காத்மாண்டுவின் காஷ்டமண்டபம் தரைமட்டம். தோண்டிப் பார்த்தா, 7-ம் நூற்றாண்டு அஸ்திவாரம் கிண்ணுனு இருக்கு; நாலு பெரிய தூண்களில் ஒண்ணுக்கு மட்டும் அடியில் தாங்குகல்லே இல்லை! நம்ம சிலபஸ்ல இது எங்கே வருது, சொல்லுங்க? மண்டபத்தை மரத்தாலேயே திரும்பக் கட்டிட்டாங்க.

கூட கல் அடுக்கின தீதி (அக்காவை அங்கே அப்படித்தான் கூப்பிடணும்) ஒருநாள் கேட்டாங்க: "இங்க வேலை செய்ய நீ எவ்வளவு கட்டினே?"

சொன்னேன். அவங்க கூலிக்கு அது பல வாரம். சிரிக்கலை.

அதனால ஏஜென்ட்கிட்டே ரெண்டே கேள்வி கேளுங்க. என் பணத்தில் ஊர்க்காரங்களுக்கு எவ்வளவு? நான் வரலைன்னா இந்த வேலையை யார் செய்வாங்க? 'கூலி ஆள்'னு பதில் வந்தா, டிக்கெட் போடாதீங்க.

உருப்படியா நான் செஞ்சது கடைசி நாலு நாள்தான். வழிப்போக்கர் தங்குற ஒரு சின்ன மண்டபத்தை (பேரு 'பாட்டி', நிஜமா!) டேப் பிடிச்சு அளந்து வரைஞ்சோம். டேப்போட மறுமுனையில் தீதியோட பையன், ப்ளஸ் டூ. வரைபடம் இப்போ அவங்க தெருவில்தான் இருக்கு.