என்ன குற்றம் என்று சொல்லாமலே

"நாட்டுப் பாதுகாப்புன்னு வந்துட்டா வெளிநாட்டுக்காரனுக்கு என்ன சார் விசாரணை? அனுப்பிவிட வேண்டியதுதானே?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல பையன்தான். பலரும் நினைப்பதைத்தான் கேட்டான். பதிலாக ஒரு வழக்கைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எலன் நாஃப் ஜெர்மனியில் பிறந்தவர். ஹிட்லர் காலத்தில் செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போய், 1939-ல் அகதியாக இங்கிலாந்து வந்தார். போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றினார். போர் முடிந்ததும் ஜெர்மனியிலிருந்த அமெரிக்க ராணுவ நிர்வாகத்தில் வேலை. 1948 பிப்ரவரியில் அமெரிக்கக் குடிமகனான முன்னாள் போர்வீரர் ஒருவரை மணந்தார். ஆகஸ்டில் நியூயார்க் துறைமுகத்தில் வந்து இறங்கியவரை எல்லிஸ் தீவில் அடைத்தார்கள். அனுமதித்தால் நாட்டுக்கு ஆபத்தாம். என்ன ஆபத்து, யார் சொன்னது? அவருக்கும் சொல்லவில்லை, கணவருக்கும் சொல்லவில்லை. விசாரணையே கிடையாது என்றார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1950 ஜனவரியில் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அரசு ஜெயித்தது. உள்ளே நுழைய வந்த அந்நியருக்கு, நாடாளுமன்றம் எந்த நடைமுறையைத் தருகிறதோ அதுவே போதுமான நீதி என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. மறுத்து எழுதியவர்களில் ஒருவர் ராபர்ட் ஜாக்சன். நியூரம்பர்க்கில் நாஜித் தலைவர்கள் மீது அமெரிக்காவின் சார்பில் வழக்கு நடத்தியவர் இவர்தான். அந்த நாஜிகளுக்குக்கூடக் குற்றப்பத்திரிகை கையில் கொடுக்கப்பட்டது, வக்கீல் வைத்து வாதாட முடிந்தது என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். ஆதாரத்தை ரகசியம் என்று மூடினால், பொல்லாதவனும் அரைகுறையாகத் தெரிந்தவனும் அந்தப் போர்வைக்குள் ஒளிந்துகொள்வான் என்பது ஜாக்சனின் கவலை. அந்த மே மாதம், எலனை விமானம் ஏற்றப் போகும் கடைசி நேரத்தில் தடை உத்தரவு போட்டதும் அவரே.

பத்திரிகைகள் விடவில்லை. நாடாளுமன்றத்திலும் குரல் எழுந்தது. கடைசியில் 1951 மார்ச்சில் விசாரணை நடந்தது. ராணுவ அலுவலகத்தில் வேலை பார்த்தபோது செக் தூதுக்குழுவுக்குத் தகவல் கொடுத்தார் என்பதுதான் அந்தப் பெரிய ரகசியம்! முதலில் விசாரித்த குழு எலனுக்கு எதிராகவே முடிவு சொன்னது. மேல்முறையீட்டு வாரியம் சாட்சியங்களைப் பிரித்துப் பார்த்தது. பெரும்பாலும் கேள்விப்பட்ட கதை. வலுவான ஆதாரம் எதுவும் இல்லை. நவம்பர் 2-ம் தேதி எலன் வெளியே வந்தார். நடுவில் சில காலம் பிணையில் விட்டிருந்தாலும், மூன்று வருடம் போயே போய்விட்டது.

பள்ளிக்கூடத்தில் மொட்டைக் கடிதம் வந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். தலைமையாசிரியர் எவ்வளவு நேர்மையானவராக இருக்கட்டும். கடிதத்தைக் காட்டாமலே விசாரித்தால், அந்தத் தேதியில் அந்த ஆசிரியர் ஊரிலேயே இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

கனடா உச்ச நீதிமன்றம் 2007-ல் ஒருமனதாகச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். அங்கே 'பாதுகாப்புச் சான்றிதழ்' என்று ஒரு முறை. ரகசியக் கோப்பை நீதிபதி பார்ப்பார், சிறையில் இருப்பவருக்குச் சுருக்கம் மட்டும் கிடைக்கும். அது செல்லாது என்று தீர்ப்பானது. அடுத்த வருடம் சிறப்பு வழக்கறிஞர்களை நியமிக்கச் சட்டம் வந்தது. அவர்கள் கோப்பைப் பார்க்கலாம். ஆனால் பார்த்த பிறகு, நீதிபதி அனுமதிக்காமல் வழக்கைப் பற்றி அந்த மனிதரிடம் பேசக்கூடாது. பாதிக் கதவு திறந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

நம்மவர்கள் கதைக்கு வருகிறேன். 2009, 2010 வாக்கில் படகேறி ஆஸ்திரேலியா போன ஈழத் தமிழர்களில் சிலரை அந்நாட்டு அரசே அகதிகள் என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் ஏ.எஸ்.ஐ.ஓ. என்ற உளவு அமைப்பு அவர்களைப் பற்றிப் பாதகமாக எழுதிவிட்டது. காரணம் சொல்லவில்லை. அகதி என்பதால் திருப்பி அனுப்ப முடியாது, உளவுத்துறை சொன்னதால் வெளியே விடவும் முடியாது. தடுப்பு முகாமிலேயே வருடங்கள் ஓடின. 2013-ல் ஐ.நா. மனித உரிமைக் குழு, 37 பேர் கொடுத்த மனுவில், இந்தத் தடுப்புக்காவல் தன்னிச்சையானது என்று சொன்னது. அவர்களில் பெரும்பாலோர் ஈழத் தமிழர்கள்.

இதற்கு முந்தைய ஆண்டுதான், அந்த மதிப்பீடுகளை மறுபரிசீலனை செய்ய ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை ஆஸ்திரேலிய அரசு நியமித்திருந்தது. அவர் சொல்வது ஏ.எஸ்.ஐ.ஓ.வைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வெளி ஆள் ஒருவர் கோப்பைத் திறந்து பார்க்க ஆரம்பித்த பிறகு, பலர் விஷயத்தில் அந்த அமைப்பே தன் மதிப்பீட்டை மாற்றிக்கொண்டது.