ஒரு கிராமில் பத்தில் ஒன்று

சென்ற தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், புசாவலுக்கு வெளியே பருத்தி எடுத்து முடிந்த கரிசல் காட்டில், என் மகனை அவன் செய்யாத பிழைக்காகப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். அதைப் பற்றியே எழுதுகிறேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் ரேடியோவால் இயங்கும் மாதிரி விமானம் வைத்திருக்கும் பிள்ளைகள் வேறு சிலரும் உண்டு. அவர்களுடைய தகப்பன்மாருக்கு இது பயன்படலாம்.

பையனுக்கு வயது பன்னிரண்டு. இருவருமாக ஃபோம் அட்டையை வெட்டி ஒட்டி, மின்சார மோட்டார் பொருத்தி, அவ்விமானத்தைச் செய்தோம். மொத்த எடை 800 கிராம். முன்புறத்து விசிறி கடையில் வாங்கியது, 10 அங்குலம். உறையிலிருந்து எடுத்து அப்படியே மாட்டியவன் நான். மோட்டாரை ஓடவிட்டபோது விமானம் முழுவதும் அதிர்ந்தது. "அப்பா, பிடித்தால் கை கூசுகிறது" என்றான். "மோட்டார் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்றேன். மெட்ரிக்குலேஷன் தேறிச் சம்பளப் பட்டியல் எழுதும் எனக்கு அவ்வளவே தெரிந்திருந்தது.

மூன்றாம் முறை பறக்கையில் விமானம் திடீரென்று மூக்கைத் திருப்பிக்கொண்டு, வரப்பில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டியின் அருகே விழுந்தது. நல்லவேளையாக அவருக்கு ஒன்றும் நேரவில்லை. "கவனமற்றவனுக்கு இனி விமானம் கிடையாது" என்று கத்தினேன். பையன் வாய் திறக்கவில்லை.

இரவில் உடைந்த பகுதிகளைப் பிரித்தேன். மோட்டாரைத் தாங்கும் நான்கு திருகாணிகளில் இரண்டைக் காணவில்லை. மூன்றாவது, விரல் பட்டதும் சுழன்றது. அதிர்ச்சியினால் அவை கழன்றிருந்தன.

எங்கள் குடியிருப்பில் ஃபிட்டராயிருந்து ஓய்வுபெற்ற மராட்டியப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் விசிறியை வாங்கி, அதன் நடுத்துளையில் துளைக்குச் சரியான நேரான கம்பி ஒன்றைச் செருகி, ரசமட்டம் பார்த்து நிறுத்திய இரு சவர பிளேடுகளின் விளிம்பில் வைத்தார். ஓர் இதழ் மெல்லக் கீழே இறங்கிற்று. எத்தனை முறை வைத்தாலும் அதே இதழ்தான். பொறியியல் பயிலும் அவருடைய பேத்தி கணக்கும் போட்டுக் காட்டினாள். மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு மிகுதியாக இருந்தால், நிமிடத்திற்கு 9,000 சுற்றில் அது ஏறக்குறைய 900 கிராம் எடைக்குச் சமமான விசையுடன் மோட்டாரை இழுக்கும். அதுவும் நொடிக்கு 150 முறை திசை சுற்றி. வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்காகும். விமானத்தின் எடையே 800 கிராம் என்று சொன்னேனல்லவா?

பரிகாரம் எளியது. இலேசான இதழின் முதுகில் செல்லோடேப் துண்டு ஒன்றை ஒட்டலாம். அல்லது கனத்த இதழின் தட்டையான பக்கத்தை நயமான உப்புத்தாளால் சிறிது சிறிதாகத் தேய்க்கலாம். காற்றைக் கிழிக்கும் முன்விளிம்பில் கை வைக்கலாகாது. இதழ்கள் கிடையாக நின்றதும் வேலை முடிந்ததென்று நான் எழுந்தேன். பெரியவர் சிரித்து, விசிறியைச் செங்குத்தாக நிறுத்திக் காட்டினார். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நடுக்குடத்திலும் ஒரு பக்கம் கனம்! அங்கே இலேசான பக்கத்தில் ஒரு சொட்டுப் பசை வைத்தார். எந்த நிலையில் விட்டாலும் அந்த நிலையிலேயே நின்றால்தான் சரி. விரிசலோ சிதைவோ கண்ட விசிறியைச் சரிக்கட்ட முனையாமல் எறிந்துவிட வேண்டும் என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை.

மறுநாள் காலை, பள்ளிக்குப் புறப்பட்டவனை வாசலில் நிறுத்தி, "தவறு உன்னுடையதன்று, என்னுடையது" என்றேன். "கை கூசுகிறது என்று அன்றைக்கே சொன்னேனே, அப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சென்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

புதிய விமானம் சித்திரையில் தயாராயிற்று. விசிறியைச் சமன் செய்யும் பொறுப்பு இப்போது அவனுடையது. சிறு காற்றடித்தாலும் இதழ் அசையுமாதலால், கூடத்து மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டான். புசாவலின் சித்திரை வெயிலை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் மனைவி முந்தானையால் விசிறிக்கொள்ள முற்பட்டாள். "அம்மா, அதுவும் கூடாது" என்றான். மூவரும் வியர்வையில் நனைந்தபடி அந்த இதழையே பார்த்துக்கொண்டிருந்தோம்.